யாராவது போய்ப் பார்ப்பார்கள்

தாம்பரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் குடியிருக்கும் அடுக்கு மாடிக் கட்டடத்துப் பெண்களையெல்லாம் சேர்த்துச் செல்போனில் ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தாராம். முதல் நாளே 68 பேர் வந்துவிட்டார்கள். "எல்லோரும் சேர்ந்தாயிற்று. ஆனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆளில்லாத கல்யாணப் பந்தலில் சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவளைப் போல் நான் ஒருத்தி மட்டும் நிற்கிறேன். கலகலப்பாக இருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்.

கலகலப்புக்கு வழி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் நாலு பேர் கூடிய இடத்தில் மூலையைத் தேடி உட்காருகிறவள். ஆனாலும் சகோதரியின் கடிதத்தைப் படித்ததும் குன்னத்தில் இருக்கும் என் நாத்தனாரின் ஞாபகம் வந்தது. அவள் கதையைச் சொல்கிறேன். அதில் என் கதையும் கொஞ்சம் வரும். அந்தப் பாகம் எனக்குப் பெருமை தருவதல்ல.

குன்னம் பெரம்பலூர் மாவட்டத்தில், அரியலூர்ப் பக்கமாக இருக்கிற ஊர். பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் பூமி. என் கணவர் பிறந்த ஊர் அது. அவருடைய தங்கை உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டுக் குன்னத்தை விட்டு அசையாமல் இருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம்.

இரண்டு வருஷங்களுக்கு முன், ஒரு பொங்கலன்று, ஊர்ப் பெண்களுக்கென்று அவள் ஒரு குழு ஆரம்பித்தாள். ஊரில் பிறந்து வெளியே போனவர்கள், வெளியே பிறந்து மருமகளாக ஊருக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அழைப்பு. சென்னை, திருச்சி, திருப்பூர், சிங்கப்பூர், துபாய் என்று எங்கெங்கோ இருந்தவர்கள் ஒரே வாரத்தில் 183 பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"1,024 பேர் வரைக்கும் சேக்கலாமாம் அண்ணி! ஊரே கொள்ளும்!" என்று எனக்குப் போன் செய்து பூரித்துப் போனாள்.

முதல் மாதம் இருந்த உற்சாகத்தைக் கேட்கவேண்டாம். பள்ளிக்கூடத்தில் எடுத்த பழைய படங்கள் வந்தன. "இந்த இரட்டைப் பின்னல் யார் தெரியுதா?" என்று ஒருத்தி கேட்பாள், பத்துப் பேர் பதில் சொல்வார்கள். இரண்டாவது மாதம் சர்க்கரை வியாதிக்குக் கைகண்ட மருந்து வந்தது. மூன்றாவது மாதம் மனை விற்பனை வந்தது. நாலாவது மாதம் ஒரு கல்யாணப் படத்தின் கீழே யாரோ ஒருத்தி ஏதோ சொல்ல, அது சம்பந்திச் சண்டையாகி, ஒரே இரவில் 14 பேர் விலகிப் போனார்கள். பிறகு ஊர் அடங்கினாற்போல் ஒரு மௌனம். ஆனால் ஒன்று மட்டும் நிற்கவில்லை. அதுதான் காலை வணக்கப் படம். ரோஜாப்பூ, சூரியோதயம், பிள்ளையார், ஆவி பறக்கும் காப்பி. பொழுது விடிவதற்கு முன் நாற்பது படங்கள்!

உங்களுக்கு எப்படியோ, எனக்கு அந்தப் படங்களைக் கண்டால் ஆகாது. நாத்தனாரிடம் இரண்டு மூன்று தடவை முறையிட்டேன். "இதென்ன, குழுவா, பூக்கடையா? உருப்படியான விஷயம் பேசுவதாக இருந்தால் இரு, இல்லையானால் நானும் போய்விடுகிறேன்" என்றேன். என்னைப் போல் இன்னும் சிலரும் சொல்லியிருக்கிறார்கள். அவளும் சம்மதித்து, 'இனி யாரும் காலை வணக்கப் படம் போடக் கூடாது' என்று ஓர் உத்தரவு போட்டாள். குழு பளிச்சென்று துடைத்த திண்ணை போல் ஆயிற்று. எனக்குப் பரம திருப்தி.

மூன்று வாரம் கழித்து, ஒரு நாள் இரவு பத்து மணி இருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பெண் குழுவில் எழுதினாள். அவளுடைய தாயார் குன்னத்தில் தனியாக இருக்கிறார். 76 வயது. "காலையிலிருந்து அம்மா போன் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டார் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். யாராவது போய்ப் பார்க்க முடியுமா?" அவ்வளவுதான்.

நான் அதைப் பார்த்தேன். பத்தேகால் மணிக்குப் பார்த்தேன். 'ஐயோ பாவம்' என்று நினைத்தேன். 'ஊரில் அத்தனை பேர் இருக்கிறார்கள். யாராவது போய்ப் பார்ப்பார்கள். சென்னையில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய?' என்றும் நினைத்தேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். நாத்தனாரை ஒரு போன் போட்டு எழுப்பியிருக்கலாம். அவள் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறவள் என்பது எனக்குத் தெரியும். தோன்றவில்லையே!

அவள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து செய்தியைப் பார்த்தாள், பார்த்ததும் ஓடினாள். அந்தப் பெரியம்மா கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில் கிடந்தார். முதல் நாள் காலையில் வழுக்கி விழுந்தவர். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப் போயிருந்தது. ஒரு பகலும் ஓர் இரவும்! நல்ல காலம், உயிருக்கு ஆபத்தில்லை. திருச்சியில் ஆபரேஷன் ஆகி, இப்போது நாலு கால் தடியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

தான் அனுப்பிய செய்தியை யார் யார் பார்த்தார்கள் என்பது அனுப்பியவருக்குத் தெரியும்படி அந்தப் போனில் ஒரு வசதி உண்டு. அந்தப் பெண் பின்னால் நாத்தனாரிடம் சொன்னாளாம்: அன்று இரவு பன்னிரண்டு மணிக்குள் 52 பேர் பார்த்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேராவது குன்னத்திலேயே இருக்கிறவர்கள்.

இவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்களா? இல்லை. நானும் இல்லை என்றுதான் நம்புகிறேன். 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் ஒரு பரீட்சை செய்து பார்த்து, அதன் விவரத்தை வெளியிட்டார்கள். ஒரு மாணவரைத் தனி அறையில் உட்கார வைத்து, இன்டர்காம் மூலம் வேறு அறையில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள். பேச்சின் நடுவே அந்த மற்றவருக்கு வலிப்பு வந்துவிட்டதுபோல் சத்தம் கேட்கும். கேட்கிறவர் தாம் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, நூற்றுக்கு 85 பேர் சத்தம் ஓய்வதற்குள் உதவிக்கு எழுந்து ஓடினார்கள். தம்மைப் போல் இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எழுந்தவர்கள் நூற்றுக்கு 31 பேர்தான். நாலு பேருக்கே இந்தக் கதி என்றால், எங்கள் குழுவில் அப்போது ஏறக்குறைய 170 பேர்!

இதைவிட எனக்குச் சுருக்கென்று தைத்தது வேறொன்று. அந்தப் பெரியம்மாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்தபோது, மகள் இரண்டே இரண்டு காரியம்தான் கற்றுக் கொடுத்திருந்தாள். கூப்பிட்டால் எடுப்பது ஒன்று. படம் அனுப்புவது மற்றொன்று. நாள் தவறாமல் காலை ஐந்து மணிக்குக் குழுவில் ஒரு முருகன் படம் போடுகிறவர் அவர்தான். நாற்பது படங்களில் முதல் படம் அவருடையது. உத்தரவு போட்டதும் நிறுத்திவிட்டார். அது நிற்காமல் இருந்திருந்தால், விழுந்த மறு நாள் காலையிலாவது, 'முருகனைக் காணோமே' என்று ஒருத்திக்காவது தோன்றியிருக்காதா?

"நான்தானே அண்ணி நிறுத்தச் சொன்னேன்" என்று நாத்தனார் போனில் அழுதாள். நிறுத்தச் சொல்லு என்று அவளிடம் சொன்னது நான். அதை அவள் சொல்லவில்லை. ஞாபகம் இல்லாமல் அல்ல.

பத்து நாள் அவள் குழுவில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கலைத்துவிடப் போகிறாள் என்றே நினைத்தேன். பிறகுதான் தன் பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் பல வருஷம் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றில் ஊக்குநராக இருந்தவள். இந்தக் குழுக்கள் நம் மாநிலத்தில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில்தான் அரசாங்கத் திட்டமாக முதலில் ஆரம்பமாயின. 1997-க்குப் பிறகு மகளிர் திட்டம் என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் பரவின. ஒரு குழுவில் 20 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. அதற்கு மேல் போனால் அந்தக் காலத்துச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். ஆனால் நாத்தனார் சொல்லும் காரணம் வேறு: "இருபது பேர்னா வட்டமா உக்காரலாம் அண்ணி. ஒருத்தி வரலைன்னா அந்த இடம் ஓட்டையாத் தெரியும். அதுக்கு மேல போனா வரிசையா உக்காரணும், முதுகுதான் தெரியும்."

முதுகுதான் தெரியும்! எத்தனை சரியான பேச்சு, பாருங்கள்.

ஆகவே அவள் பெரிய குழுவை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் தெருவுக்குத் தெரு பிரித்தாள். தெருவுக்கு ஒரு பெண் பொறுப்பு. வெளியூர்க்காரர்களையும், பிறந்த வீடோ புகுந்த வீடோ எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருவில் சேர்த்தாள். பதினைந்து இருபது பேருக்கு மேல் யாருக்கும் பொறுப்பு இல்லை. இரண்டாவது ஏற்பாடு, இனி எந்தக் கேள்வியையும் 'யாராவது' என்று கேட்கக் கூடாது. பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். 'கீழத்தெருவில் யாராவது இருக்கிறீர்களா' என்றால் ஒருவரும் இல்லை. பெயர் சொல்லி, 'நீ இருக்கிறாயா' என்றால் அவள் இருந்தே தீரவேண்டும். மூன்றாவது, காலை வணக்கப் படங்களுக்கு மறுபடியும் அனுமதி. ஆனால் பெரிய குழுவில் அல்ல, அவரவர் தெருவில். தெருவுக்குப் பொறுப்பான பெண் படங்களை எண்ணுகிறாள். தினம் போடுகிற ஒருவர் போடவில்லையானால் எட்டு மணிக்குள் ஒரு போன்.

நான் பூக்கடை என்று பரிகசித்தது இப்போது ஆஜர்ப் பட்டியல் ஆகிவிட்டது!

இன்னொரு யுக்தியும் செய்தாள். அதற்கு அந்த ஊரின் பழைய கதை ஒன்றைத் தொடவேண்டும். 1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையர், சிறு பிராயத்தில் தம் பெற்றோருடன் குன்னத்தில் சில காலம் வாசம் செய்தார். 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்தது. அதில் ஓர் அத்தியாயத்துக்கே 'தருமம் வளர்த்த குன்னம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார். அவருடைய தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். ஊர் ஊராகத் தங்கி, சங்கீதத்துடன் இராமாயணப் பிரசங்கம் செய்து, அதில் வருகிற சம்மானத்தைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். யோசித்துப் பாருங்கள்: மின்சார விளக்கு இல்லாத காலம். பகலெல்லாம் காட்டில் உழைத்துக் களைத்த ஜனங்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, நாள் கணக்காக நடக்கிற கதை. முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பின்னே ஏன் தினமும் வந்தார்கள்?

பாட்டு நன்றாக இருந்திருக்கும், அது ஒன்று. ஆனால் நம் கிராமங்களில் கதை நடந்தாலும் சரி, கோயில் உற்சவம் நடந்தாலும் சரி, 'உபயம்' என்று ஒன்று உண்டல்லவா? இன்றைக்கு விளக்கெண்ணெய் ஒரு வீட்டு உபயம். சுண்டல் இன்னொரு வீட்டு உபயம். மாலை வேறொருவர் உபயம். தன் உபய நாளன்று வராமல் இருப்பவர் உண்டா? அவர் வந்தால் அவர் வீட்டுக் குழந்தைகள் வரும், மைத்துனர் வருவார், சுண்டலில் உப்புக் குறைவு என்று சொல்வதற்காகவே எதிர் வீட்டுக்காரி வருவாள். கூட்டம் கூட வேறென்ன வேண்டும்?

நாத்தனார் இதைத்தான் பிடித்துக்கொண்டாள். மாதத்தில் ஒவ்வொரு நாளும் ஒருத்தியின் உபயம். அன்று அவள் ஏதாவது ஒன்று தரவேண்டும். ஒரு பழைய படம், ஒரு சமையல் குறிப்பு, பாட்டி சொன்ன ஒரு வார்த்தைக்கு அர்த்தம், ஊரில் இன்றைய பருத்தி விலை, எதுவானாலும் சரி. முதல் மாதம் ஒருத்தி, தன் மாமியாருக்கும் தனக்கும் பதினெட்டு வருஷமாகப் பேச்சில்லாமல் இருந்து சென்ற மாதம் பேச ஆரம்பித்த கதையைச் சொன்னாளாம். மாமியாரும் அதே குழுவில் இருக்கிறாராம்! அன்று வந்த பதில்களை எண்ணி மாளவில்லை.

இதையெல்லாம் கேட்டு, குன்னத்தில் தேனும் பாலும் ஓடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். தெருவுக்கு ஒருத்தியாகப் பதினோரு பேரில் மூன்று பேர் ஒன்றுமே செய்வதில்லை. உபய நாளை மறந்துவிட்டு, "நேத்து விருந்தாளிங்க" என்று சாக்குச் சொல்கிறவர்கள் பாதி. விலகிய 14 பேரில் திரும்பி வந்தவர்கள் ஐந்து பேர்தான். மனை விற்கிறவர் இன்னும் விற்கிறார்.

பேசாமல் இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தாம்பரம் சகோதரிக்கு அதுதானே பெரிய விசாரம்? 2006-இல் ஜேக்கப் நீல்சன் என்ற டேனிஷ் நிபுணர் ஒரு கணக்குச் சொன்னார். இணையத்தில் கூடுகிற கூட்டங்களில் நூற்றுக்கு 90 பேர் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள். ஒன்பது பேர் எப்போதாவது கை கொடுப்பார்கள். மீதி ஒருவர்தான் பெரும்பாலான வேலையைச் செய்வார் என்பது அந்தக் கணக்கு. நம் தமிழ் விக்கிப்பீடியாவையே பாருங்களேன். 2003-இல் தொடங்கி 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளை எட்டியது. பெயர் பதிவு செய்துகொண்டவர்கள் லட்சத்துக்கு மேல். ஒரு மாதத்தில் ஒரு தடவையாவது கை வைக்கிறவர்கள் சில நூறு பேர். அந்தச் சில நூறு பேரை வைத்துக்கொண்டுதான் அத்தனையும் நடக்கிறது. ஆகவே 68 பேரில் ஆறேழு பேர் பேசினால் உங்கள் குழு நன்றாகத்தான் இருக்கிறது, சகோதரி.

ஆனால் பேசாதவர் எல்லோரும் ஒரே ஜாதி அல்ல. கேட்டுக்கொண்டு பேசாதவர் உண்டு. போய்விட்டதால் பேசாதவர் உண்டு. பேச அஞ்சிப் பேசாதவர் உண்டு. இது இன்னார் என்று கண்டுபிடிக்க ஒரே வழி, கூப்பிட்டுப் பார்ப்பதுதான். நாத்தனார் மாதம் பத்துப் பேருக்குப் போன் செய்கிறாள். குழுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். "நல்லா இருக்கியா? முழங்கால் எப்படி இருக்கு?" அவ்வளவுதான். இரண்டு வருஷமாக ஓர் எழுத்தும் எழுதாத ஒருத்தி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவள், "தெனம் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் அக்கா படுக்கிறேன். எழுதினா தப்பாயிடுமோன்னு பயம்" என்றாளாம். அவள் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் அல்ல. "எழுத வேண்டாம்டி, பேசியே அனுப்பு" என்று நாத்தனார் வழி சொல்லிக் கொடுத்தாள். அவளுடைய உபய நாளன்று நாற்று நடவுப் பாட்டு ஒன்று வந்தது. என்ன குரல் என்கிறீர்கள்! நான் மூன்று தடவை கேட்டேன்.

இத்தனையும் ஒருத்தி செய்கிற வேலை. சம்பளம் கிடையாது, நன்றி சொல்வாரும் கிடையாது. கட்டை விரல் வலிக்கிறது என்கிறாள். அவள் வீட்டுக்காரர், "ஊர்ப் பஞ்சாயத்து முடிஞ்சிடுச்சா, இல்ல சோறு நாளைக்குத்தானா?" என்று கேட்கிறார். இப்படித் தனியாகச் சுமந்து, ஒரு நாள் சலித்துப் போய் இறக்கி வைத்துவிடுவதால்தான் பல குழுக்கள் படுத்துப் போகின்றன. 'உனக்குப் பிறகு யார்?' என்று நான் கேட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

சென்ற மாதம் அவளுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். பத்து நாள் போனைத் தொடக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. யாரிடம் ஒப்படைப்பது? மேலத்தெரு மருமகள் ஒருத்தி, சிங்கப்பூர்ப் பெண், திருப்பூர்க்காரி மூவரும் நான் நீ என்று முன்வந்தார்கள். பதினோராம் நாள் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாத்தனார் குழுவைத் திறந்து பார்த்தாள். உபய வரிசையை மாற்றியிருந்தார்கள். மனை விற்கிறவரை நயமாக வெளியேற்றியிருந்தார்கள். தினம் இரவு ஒன்பது மணிக்குத் திருப்பூர்க்காரியின் பாட்டு வேறு.

எனக்குப் போன் வந்தது. "பத்து நாளா நான் இல்லை, அண்ணி. ஒருத்தியாவது தேடினாளா? எல்லாம் தலைகீழா மாத்தி வச்சிருக்காளுங்க!"

"ஒருத்தரும் தேடவில்லையா?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பெரியம்மா மட்டும் தெனம் காலையில வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, கண்ணு எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம்" என்றாள்.

தாம்பரம் சகோதரி, உங்கள் 68 பேரில் முதலில் யாருக்குப் போன் செய்யப் போகிறீர்கள்? செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.